டெக்சஸ் கடையில் இடுப்பில் துப்பாக்கியோடு ஒருவர்: இது சட்டப்படி சரியா?

கேள்வி: ஹெச்-1பி விசாவில் டெக்சஸ் வந்து மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் மளிகைக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரின் இடுப்பில் துப்பாக்கி. யாரும் கண்டுகொள்ளவே இல்லை. இது சட்டப்படி சரிதானா? அமெரிக்கா முழுக்க இப்படித்தானா? ஆபீஸ் நண்பர் ஒருவர், "நீங்களும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம், சனிக்கிழமை ரேஞ்சுக்கு வாங்க, சுட்டுப் பழகலாம்" என்கிறார். போகலாமா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். போய் வேடிக்கை பார்க்கலாம். துப்பாக்கியைக் கையில் வாங்காதீர்கள். ஏன் என்பதைக் கடைசியில் விளக்குகிறேன். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரு வரியில் பதில் சொல்லலாம். அவர் செய்தது பெரும்பாலும் சட்டப்படி சரி. ஆனால் அமெரிக்கா முழுக்க அப்படி இல்லை, டெக்சஸ் முழுக்கக்கூட அப்படி இல்லை.

நான் வக்கீல் இல்லை. டெக்சஸில் நீண்ட காலமாக இருக்கிறேன், குடியுரிமை வாங்கிய பிறகு ஆர்வத்தில் கைத்துப்பாக்கி லைசென்ஸ் வகுப்புக்குப் போய்த் தேர்வும் எழுதியவன். என்னிடம் துப்பாக்கி இல்லை. சட்டத்தைப் படிக்கப் போய் அது ஒரு பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

நம் ஊரில் வளர்ந்த நமக்கு இதில் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது ஒரு மனப்பழக்கம். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி என்பது அரசு பார்த்துக் கொடுக்கும் அனுமதி. தேர்தல் அறிவிப்பு வந்தால் லைசென்ஸ் வைத்திருப்பவரும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அமெரிக்காவில் பேச்சு உரிமையிலிருந்து தொடங்குகிறது. 1791-இல் சேர்த்த அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதையும் ஏந்துவதையும் மக்களின் உரிமை என்கிறது. அது தனிமனிதனின் உரிமையா, ஊர்க்காவல் படைக்கான ஏற்பாடா என்ற தகராறு 2008 வரை ஓடியது. அந்த ஆண்டு ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம், வீட்டுக்குள் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்றது. 2010-இல் மெக்டொனால்டு வழக்கில் மாநிலங்களும் அதற்குக் கட்டுப்பட்டவை என்றது. இரண்டும் வீட்டோடு நின்றன. வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினால் என்ன என்பது மாநிலங்களின் கையில் இருந்தது. உங்கள் கேள்வி அந்தத் தெருவைப் பற்றியது.

சரி, வரிசையில் நின்றவரிடம் வருவோம். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் கைத்துப்பாக்கி எடுத்துப் போக லைசென்ஸ் தேவையில்லை. 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருந்தது. 18 முதல் 20 வயதுக்காரர்களுக்கான தடையை 2022-இல் ஒரு மத்திய நீதிமன்றம் ரத்து செய்ய, மாநில அரசும் மேல்முறையீட்டைக் கைவிட்டது. மாநிலச் சட்டத்தாலோ மத்தியச் சட்டத்தாலோ துப்பாக்கி வைத்திருக்கத் தடை செய்யப்பட்டவராக இருக்கக் கூடாது. கடந்த ஐந்து ஆண்டுகளில் காயம் ஏற்படுத்திய தாக்குதல் போன்ற சில குற்றங்களில் தண்டனை பெற்றிருக்கக் கூடாது. துப்பாக்கி வெளியே தெரிந்தால் அது உறைக்குள் இருக்க வேண்டும். பேன்ட்டில் சும்மா செருகிக்கொண்டு வெளியே தெரியும்படி நடந்தால் குற்றம், ஹோல்ஸ்டரில் இருந்தால் குற்றமில்லை. ரைஃபிள் மாதிரி நீளத் துப்பாக்கிகளுக்கு இங்கே எப்போதுமே லைசென்ஸ் கேட்டதில்லை. பிறர் மிரளும்படி பொது இடத்தில் காட்டினால்தான் சட்டம் வரும்.

ஆனால் அந்தக் கடையின் கதவைப் பார்த்தீர்களா? அடுத்த முறை தள்ளுவண்டியை எடுக்கும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கண்ணாடியில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பெரிய எழுத்தில் ஒரு பத்தி ஒட்டியிருக்கலாம். அதில் 30.05, 30.06, 30.07 என்ற எண்களில் ஒன்று இருக்கும். டெக்சஸ் குற்றவியல் சட்டத்தின் பிரிவு எண்கள் அவை. 30.06 என்றால் லைசென்ஸ் உள்ளவர் மறைத்து எடுத்து வரக் கூடாது. 30.07 என்றால் லைசென்ஸ் உள்ளவர் வெளியே தெரியும்படி எடுத்து வரக் கூடாது. 30.05 லைசென்ஸ் இல்லாதவர்களுக்கு. எழுத்து குறைந்தது ஓர் அங்குல உயரம் இருக்க வேண்டும், நிறம் பின்புறத்திலிருந்து பளிச்சென்று தனித்துத் தெரிய வேண்டும், வாசகம் சட்டத்தில் உள்ளபடி இருக்க வேண்டும் என்றெல்லாம் விதி. துப்பாக்கியே வேண்டாம் என்று நினைக்கிற கடைக்காரர் மூன்றையும் ஒட்டினால் கதவு நம் ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகத்து அறிவிப்புப் பலகை மாதிரி ஆகிவிடும். அதனால் பலர் 30.07 மட்டும் ஒட்டிவிட்டு, உள்ளே மறைத்து வைத்திருப்பவரைப் பற்றிக் கவலைப்படாமல் விட்டுவிடுகிறார்கள். கண்ணில் படாதவரை வியாபாரம் நடக்கும் என்ற கணக்கு.

லைசென்ஸ் உள்ளவர் 30.06, 30.07 பலகைகளை மீறி நுழைந்தால் 200 டாலர் வரை அபராதம். வெளியே போங்கள் என்று நேரில் சொன்ன பிறகும் நின்றால் அது சிறை வரை போகும் குற்றம். எனக்குப் பிடித்த பலகை வேறு. பார்களில் சிவப்பு நிறத்தில் '51%' என்று பெரிதாக எழுதியிருக்கும். அங்கேயே உட்கார்ந்து குடிக்கும் மது விற்பனையிலிருந்து வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ வரும் இடம் என்று பொருள். அங்கே துப்பாக்கியோடு நுழைந்தால் இரண்டு முதல் பத்து ஆண்டு வரை சிறைக்கு இடமுள்ள பெருங்குற்றம். பக்கத்திலேயே பீரும் விற்கும் உணவகத்தில் சாப்பாட்டு வருமானம் கூடுதலாக இருந்தால் இந்தத் தடை இல்லை. ஒருவர் செய்தது குற்றமா இல்லையா என்பதைக் கடையின் கல்லாப்பெட்டி தீர்மானிக்கிறது.

இதையெல்லாம் கேட்டால், "கௌபாய் ஊர்தானே, ஆதியிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கும்" என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மை நேர்மாறானது. 1871-இல் டெக்சஸ் சட்டமன்றமே கைத்துப்பாக்கி எடுத்துத் திரிவதைத் தடை செய்தது. உடனடித் தாக்குதல் வரும் என்று அஞ்ச நியாயமான காரணம் இருந்தால் விலக்கு, பயணியாக இருந்தால் விலக்கு. யார் பயணி என்று இங்குள்ள நீதிமன்றங்கள் நூறாண்டுக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டன. பக்கத்து ஊருக்குப் போகிறவன் பயணியா? வழியில் ஒரு ராத்திரி தங்க வேண்டுமா?

அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊர் இன்னும் சுவாரசியம். 1881 ஏப்ரலில் அந்த ஊர் நகர மன்றம் 9-ஆம் எண் விதியைக் கொண்டுவந்தது. ஊருக்குள் வருகிறவர்கள் துப்பாக்கியைக் குதிரைலாயத்திலோ ஹோட்டலிலோ சலூனிலோ ஒப்படைத்துவிட வேண்டும். அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று சிலர் ஒப்படைக்காமல் நடமாட, ஊர்க் காவல் தலைவர் வர்ஜில் எர்ப் தன் தம்பிகளோடு துப்பாக்கிகளைப் பறிக்கப் போனார். அரை நிமிடச் சண்டையில் மூன்று பேர் செத்தார்கள். ஓ.கே. காரல் சண்டை என்று உலகமே அறிந்த அந்தச் சம்பவத்துக்கு அடியில் இருந்தது ஒரு துப்பாக்கித் தடை விதி! முன்பகையும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்று அவர்கள் தெருவில் இறங்கியதற்குச் சட்டப்படியான காரணம் அந்த விதிதான்.

டெக்சஸ் எப்படித் திரும்பியது? 1991 அக்டோபர் 16. கில்லீன் என்ற ஊரில் லூபிஸ் உணவகம். மதிய நேரம். ஒருவன் தன் பிக்கப் வண்டியைக் கண்ணாடிச் சுவரில் மோதி உள்ளே ஓட்டி வந்து, இறங்கிச் சுடத் தொடங்கினான். 23 பேர் இறந்தார்கள். பெற்றோரோடு சாப்பிட வந்திருந்த சுசானா ஹப் தன் கைப்பைக்குக் கையைக் கொண்டுபோனார். துப்பாக்கி அதில் இல்லை, வெளியே காரில் இருந்தது. எடுத்து வருவது சட்டவிரோதம், பிடிபட்டால் தன் கைரோபிராக்டர் (முதுகெலும்பைப் பிடித்துச் சரிசெய்யும் வைத்தியர்) தொழில் லைசென்ஸ் போய்விடும் என்று பயந்து காரிலேயே வைத்திருந்தார். அன்று அவருடைய அப்பா, அம்மா இருவரும் செத்துப்போனார்கள். அதன்பின் அவர் மாநிலம் மாநிலமாகப் போய்ச் சட்டமன்றக் குழுக்கள் முன்னால் இதைச் சொன்னார். கையில் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தச் சாட்சியத்தைக் கேட்ட அரசியல்வாதிக்குப் பதில் சொல்வது கடினம். 1993-இல் ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ் இது சம்பந்தமான மசோதாவைத் தடுத்தார். (இங்கே ஆளுநர் என்றால் மக்கள் தேர்ந்தெடுக்கும் பதவி, நம் முதலமைச்சர் மாதிரி.) அடுத்த ஆண்டு தேர்தலில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷிடம் தோற்றார். புஷ் 1995-இல் கையெழுத்துப் போட்டார். ஹப் 1996-இல் டெக்சஸ் சட்டமன்றத்துக்கே தேர்வானார்.

அப்போது வந்தது மறைத்து எடுத்துப் போக மட்டும், அதுவும் லைசென்ஸோடு. வெளியே தெரியும்படி எடுத்துப் போக 2016 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 2016 ஆகஸ்ட் 1 முதல் அரசுப் பல்கலைக்கழக வளாகங்களிலும் லைசென்ஸ் உள்ளவர்கள் மறைத்து எடுத்துப் போகலாம் என்று ஆனது. ஆஸ்டினில் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து ஒருவன் கீழே போனவர்களைச் சுட்டுக் கொன்றது 1966 ஆகஸ்ட் 1. நாள் பிசகாமல் 50 ஆண்டு கழித்து இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்புறம் 2021-இல் லைசென்ஸே வேண்டாம் என்று ஆனது. ஆக, உங்கள் கண்ணில் பட்ட காட்சி, நான் இங்கே வந்த காலத்தில் குற்றம்.

இனி மற்ற மாநிலங்கள். லைசென்ஸ் இல்லாமலே எடுத்துப் போகலாம் என்ற மாநிலங்கள் 2024 முடிவில் 29. இந்தக் கூட்டத்தின் முன்னோடி வெர்மான்ட். 1903-இல் அங்கே ரட்லண்ட் நகரம், மேயரிடமோ காவல் தலைவரிடமோ அனுமதி வாங்க வேண்டும் என்று விதி போட, மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. அன்று முதல் அங்கே பெர்மிட் என்ற சமாசாரமே கிடையாது. வேடிக்கை என்னவென்றால், வெர்மான்ட்காரர் வேறு மாநிலத்துக்குத் துப்பாக்கியோடு போக வேண்டுமானால் காட்டுவதற்குச் சொந்த மாநிலத்துக் காகிதம் இல்லாமல், யூட்டா போன்ற மாநிலங்கள் வெளியூர்க்காரர்களுக்குத் தரும் பெர்மிட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார். நூறாண்டு அந்த ஒரு மாநிலம்தான் இப்படி. 2003-இல் அலாஸ்காவும் 2010-இல் அரிசோனாவும் சேர்ந்தன. அப்புறம் மடை திறந்த மாதிரி ஆகிவிட்டது. 2022-இல் ஜார்ஜியா, 2023-இல் புளோரிடா, 2024-இல் தென் கரோலினா, லூசியானா.

பெர்மிட் வேண்டாம் என்றால் எப்படி வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்று அர்த்தமில்லை. புளோரிடா இதற்கு நல்ல உதாரணம். அங்கே 2023 ஜூலை முதல் பெர்மிட் இல்லாமல் மறைத்து எடுத்துப் போகலாம். வெளியே காட்டக் கூடாது என்றிருந்தது. 1987-இல் போட்ட அந்தத் தடையை 2025 செப்டம்பரில்தான் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. சட்டை விலகித் துப்பாக்கி எட்டிப் பார்த்தால் அவஸ்தை என்ற நிலையில் இவ்வளவு காலம் அங்கே ஓடியது.

எதிர்ப்பக்கத்தில் நியூயார்க், நியூஜெர்சி, கலிபோர்னியா, மேரிலாந்து, மாசசூசெட்ஸ், ஹவாய். 2022 வரை இந்த ஆறு மாநிலங்களிலும் பெர்மிட் கேட்டால் "உனக்கு எதற்கு?" என்று அதிகாரி திருப்பிக் கேட்க முடிந்தது. ஊரில் எல்லோருக்கும் உள்ள பயம் போதாது, உனக்கென்று தனியாக ஆபத்து இருக்க வேண்டும் என்றிருந்தது. இந்த ஏற்பாட்டுக்கு வேர் நியூயார்க்கின் 1911-ஆம் ஆண்டு சல்லிவன் சட்டம். 2022 ஜூன் 23 அன்று புரூவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அதை முடித்துவைத்தது. வீட்டுக்கு வெளியேயும் தற்காப்புக்குத் துப்பாக்கி ஏந்துவது உரிமை, உரிமையைப் பயன்படுத்தக் குடிமகன் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பது நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தீர்ப்பின் சாரம். பெர்மிட் முறையே தப்பு என்று அது சொல்லவில்லை. பயிற்சி, பின்னணி விசாரணை எல்லாம் கேட்கலாம். தகுதி இருந்தும் அதிகாரி தன் விருப்பப்படி மறுப்பதுதான் கூடாது.

கலிபோர்னியா பற்றி ஓர் இடைச்செருகல். துப்பாக்கிக் கட்டுப்பாடு என்றால் ஜனநாயகக் கட்சி, துப்பாக்கி உரிமை என்றால் குடியரசுக் கட்சி என்றுதான் இன்று பேசுகிறோம். 1967 மே 2 அன்று பிளாக் பாந்தர் இயக்கத்தைச் சேர்ந்த சுமார் 30 பேர், பாபி சீல் தலைமையில், குண்டு போட்ட துப்பாக்கிகளோடு சாக்ரமென்டோவில் உள்ள கலிபோர்னியா சட்டமன்றத்துக்குள் நடந்து போனார்கள். அன்றைய சட்டப்படி அப்படி ஏந்திச் செல்வது குற்றமில்லை. தங்கள் தெருக்களில் கறுப்பின மக்களைப் போலீஸ் நடத்தும் விதத்தை அவர்கள் அதுவரை துப்பாக்கி ஏந்தியபடி தள்ளி நின்று கண்காணித்து வந்தார்கள். அதைத் தடுக்கத்தான் ஒரு மசோதா விவாதத்தில் இருந்தது. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அது வேகமாக நிறைவேறி, குண்டு போட்ட துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்துவது தடை ஆனது. கையெழுத்துப் போட்ட ஆளுநர் ரொனால்டு ரீகன், குடியரசுக் கட்சிக்காரர். சட்டத்தை விட, அன்று துப்பாக்கி யார் தோளில் இருந்தது என்பதுதான் முக்கியமாக இருந்தது என்று நான் நினைக்கிறேன். இன்றும் அது முழுக்க மாறிவிட்டதாகச் சொல்ல மாட்டேன்.

புரூவன் தீர்ப்போடு சண்டை தீரவில்லை, இடம் மாறியது. யாருக்குக் கொடுப்பது என்று வடிகட்ட முடியாது என்றானதும், மாநிலங்கள் எங்கே எடுத்துப் போவது என்பதில் பிடியை இறுக்கின. பள்ளி, நீதிமன்றம், வாக்குச்சாவடி, சட்டமன்றம் போன்ற முக்கிய இடங்களில் தடை போடலாம் என்று அந்தத் தீர்ப்பே சொல்லியிருந்தது. கூட்டமான இடம் என்பதற்காக மன்ஹாட்டன் தீவு முழுவதையும் அப்படி அறிவிக்க முடியாது என்றும் சேர்த்துச் சொன்னது. ஒரே வாரத்தில் நியூயார்க் புதுச் சட்டம் கொண்டுவந்தது. சுரங்க ரயில், பூங்கா, மது விற்கும் உணவகம், டைம்ஸ் சதுக்கம் என்று நீளமான பட்டியல். பெர்மிட்டுக்கு 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரத் துப்பாக்கிப் பயிற்சியும் வேண்டும். டெக்சஸில் நான் போன லைசென்ஸ் வகுப்பு ஒரு பகல் பொழுதில் முடிந்தது. அதன் சுடும் தேர்வில் 50 குண்டுகள், 3, 7, 15 கஜத் தூரத்தில் ஒரு காகித உருவத்தின் மேல். 250-க்கு 175 வாங்கினால் தேர்ச்சி. மூன்று கஜம் என்றால் கிட்டத்தட்ட அடுத்த மேசை. கை நடுங்கியும் நான் தேறிவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹவாய் இன்னொரு வழி பிடித்தது. கடை, உணவகம் போல மக்கள் வந்து போகும் தனியார் இடங்களில், உரிமையாளர் வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய, துப்பாக்கி கூடாது என்று 2023-இல் சட்டம் போட்டது. டெக்சஸில் பலகை இல்லாவிட்டால் கொண்டு போகலாம், ஹவாயில் அனுமதி இல்லாவிட்டால் கொண்டு போகக் கூடாது. எதிர்ப்பவர்கள் இதற்கு ரத்தக்காட்டேரி விதி என்று பெயர் வைத்தார்கள். மேலைநாட்டுக் கதைகளில் காட்டேரி, வீட்டுக்காரர் அழைக்காமல் உள்ளே வர முடியாதாம். உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் இந்த வழக்கைக் கையில் எடுத்தது.

மாநில எல்லையைத் தாண்டும்போதுதான் சாதாரண ஆட்கள் மாட்டுகிறார்கள். ஓட்டுநர் உரிமம் எல்லா மாநிலத்திலும் செல்லும், துப்பாக்கி பெர்மிட் அப்படி இல்லை. 2013 அக்டோபரில் நடந்தது இது. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு பெண், இரண்டு குழந்தைகளுக்குத் தாய், பென்சில்வேனியா பெர்மிட் வாங்கியவர், பாலம் தாண்டி நியூஜெர்சிக்குள் ஓட்டிப் போனார். தடம் மாற்றிய விதம் சரியில்லை என்று போலீஸ் நிறுத்தியது. அவரே முந்திக்கொண்டு, என்னிடம் பெர்மிட் இருக்கிறது, வண்டியில் துப்பாக்கி இருக்கிறது என்றார். நியூஜெர்சிக்கு அந்தப் பெர்மிட் வெறும் அட்டை. கைதானார். ஒரு மாதத்துக்கு மேல் சிறை, மேலே மூன்று ஆண்டுக் கட்டாயத் தண்டனையின் மிரட்டல். நாடே பேசிய பிறகு 2015-இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். பிலடெல்பியாவுக்கும் நியூஜெர்சிக்கும் நடுவே ஓர் ஆறுதான்.

வழிப்போக்கர்களுக்காக 1986-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் துப்பாக்கி சட்டப்படி சரி என்றால், இடையில் கடுமையான மாநிலம் இருந்தாலும் கடந்து போகலாம். குண்டை எடுத்துவிட்டு, கைக்கு எட்டாதபடி டிக்கியில் வைத்திருக்க வேண்டும். தனி டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டி. கேட்க நன்றாக இருக்கிறது. 2005-இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்கு விமானத்தில் போன ஒருவர், நியூஜெர்சியில் உள்ள நியூவார்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். முறையாகப் பூட்டிய துப்பாக்கி அதில் இருந்தது. ராத்திரி ஹோட்டலில் தங்கி, காலையில் விமான நிலையத்தில் நேர்மையாக அறிவித்தபோது கைது. பிறகு வழக்கைக் கைவிட்டார்கள். அவர் நஷ்டஈடு கேட்டுப் போனதில், ஹோட்டலில் பெட்டி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்த மாநிலச் சட்டங்களுக்கெல்லாம் மேலே மத்திய அரசின் ஓர் அடுக்கு இருக்கிறது. பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்பது அதில் ஒன்று. அந்த மாநிலத்தின் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. லைசென்ஸே வேண்டாம் என்று மாநிலம் சொன்னதால் வாங்காமல் விட்டவருக்கு அந்த விலக்கு கிடையாது! டெக்சஸ் நகரம் ஒன்றில் பள்ளிகளைச் சுற்றி 1,000 அடிக்கு வட்டம் போட்டுப் பாருங்கள், இடுப்பில் துப்பாக்கியோடு ஊர் சுற்றுகிறவர் எத்தனை வட்டத்துக்குள் போய் வருகிறார் என்று தெரியும். நடைமுறையில் இதற்காக மட்டும் வழக்குப் போடுவது அரிது. ஆனால் 2021-க்குப் பிறகும் பலர் லைசென்ஸ் வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விமான நிலையத்தில் சோதனை வாசலைத் தாண்டக் கூடாது. ஆனாலும் 2023-இல் மட்டும் சோதனையில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,737, பத்தில் ஒன்பதுக்கு மேல் குண்டு போட்டவை. கேட்டால், "பையில் இருந்ததை மறந்துவிட்டேன்" என்பார்கள். நான் வீட்டுச் சாவியை மறப்பேன், ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் விஷயம். ஹெச்-1பி, எஃப்-1 (மாணவர் விசா) எல்லாம் குடியேற்றம் அல்லாத விசாக்கள். அப்படி வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடை செய்கிறது. டெக்சஸ் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாறாது, ஏனென்றால் மத்தியச் சட்டம் போட்ட தடையை மாநிலச் சட்டத்தால் விலக்க முடியாது. தண்டனை 15 ஆண்டு வரை. அது தவிர, துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை வந்தால் நாடு கடத்தவும் அது ஒரு காரணம். கிரீன் கார்டு வந்தபின் இந்தத் தடை விலகும்.

நண்பர்கள் இங்கே ஒரு குறுக்குவழி சொல்வார்கள். ஏதாவது ஒரு மாநிலத்தின் வேட்டை லைசென்ஸ் வாங்கிவிட்டால் விலக்கு உண்டு என்று. சட்டத்தில் அந்த விலக்கு உண்மையிலேயே இருக்கிறது, பொய் இல்லை. ஆனால் லைசென்ஸ் காலாவதியான மறுநாள் வீட்டில் துப்பாக்கி இருந்தால் நீங்கள் குற்றவாளி. கடையில் வாங்கும்போது நிரப்பும் படிவத்தில் விசா நிலை பற்றிய கேள்விக்குத் தப்பாக டிக் அடித்தால் அது தனிக் குற்றம். நண்பர் தன் பெயரில் உங்களுக்காக வாங்கிக் கொடுத்தால் இரண்டு பேரும் சேர்ந்து மாட்டுவீர்கள். கிரீன் கார்டு வரிசையில் நிற்கிற ஒருவர் இந்த வம்பில் ஏன் இறங்க வேண்டும் என்பது எனக்குப் புரியவே இல்லை. உண்மையாகவே வேட்டைக்குப் போகிற ஆள் என்றால், வேலைக்கு எடுத்த கம்பெனியின் வக்கீலை விட்டு, இந்தத் துறை தெரிந்த தனி வக்கீல் ஒருவரைப் பாருங்கள்.

ரேஞ்சும் இதே கதைதான். அங்கே வாடகைக்கு ஒரு துப்பாக்கியை வாங்கிச் சுடுவதும் சட்டத்தின் கண்ணில் வைத்திருப்பதுதான். சொந்தமாக இருக்க வேண்டியதில்லை, உங்கள் கையிலும் கட்டுப்பாட்டிலும் இருந்தால் போதும். கையெழுத்துப் படிவத்தில் எந்த நிபந்தனைக்கெல்லாம் உடன்படுகிறோம் என்று படிக்காமல் போட்டுவிட்டு, துப்பாக்கியோடு படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்ட நம் பையன்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். தங்களுக்கு எதிரான சாட்சியத்தைத் தாங்களே தேதி போட்டு வைத்திருக்கிறார்கள்.

வண்டி ஓட்டும்போது போலீஸ் நிறுத்தினால் என்ன என்பதும் இதோடு ஒட்டிய விஷயம். எதிரில் வருகிற ஆளிடம் துப்பாக்கி இருக்கும் என்று நினைத்துத்தான் இங்கே போலீஸ்காரர் உங்கள் ஜன்னலுக்கு நடந்து வருகிறார். கையை ஸ்டீயரிங்கில் வையுங்கள், கேட்ட பிறகு சொல்லிவிட்டு எடுங்கள். 2016-இல் மினசோட்டாவில் பெர்மிட் உள்ள ஒரு கறுப்பின ஓட்டுநர், வண்டியில் துப்பாக்கி இருப்பதைப் பணிவாகச் சொல்லிவிட்டு, லைசென்ஸ் எடுக்கக் கையைக் கொண்டுபோனபோது சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட போலீஸ்காரரை நீதிமன்றம் அடுத்த ஆண்டு விடுவித்தது. எந்த மாநிலத்தில் துப்பாக்கி இருப்பதை முந்திக்கொண்டு சொல்ல வேண்டும், எங்கே கேட்டால் சொன்னால் போதும் என்பதும் வேறுபடுகிறது. உங்களிடம் துப்பாக்கி இருக்கப் போவதில்லை, அதனால் உங்களுக்குக் கை விஷயம் மட்டும் போதும்.

கடையில் மறுபடி அப்படி ஒருவரைப் பார்த்தால்? துப்பாக்கி உறையில் இருந்து, ஆள் பால் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது ஒன்றுமில்லை. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் வேறு வரிசைக்குப் போகலாம், கதவில் 30.07 இருந்தால் கடை மேலாளரிடம் மெதுவாகச் சொல்லலாம். துப்பாக்கி வைத்திருப்பவரிடம் போய் நேரில் கேட்காதீர்கள். துப்பாக்கி உறையை விட்டு வெளியே வந்தால், அல்லது ஆள் கத்திக்கொண்டிருந்தால், தள்ளுவண்டியை அப்படியே விட்டு வெளியே போய் 911 அழையுங்கள்.

சனிக்கிழமை நண்பர் வற்புறுத்தினால், விசா காரணம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். இங்கே அது எல்லோருக்கும் புரியும், வெட்கப்பட ஒன்றும் இல்லை. பல ரேஞ்சுகளில் சுடும் இடத்துக்கும் முன்னறைக்கும் நடுவே தடித்த கண்ணாடி இருக்கும். இந்தப் பக்கம் நாற்காலி போட்டிருப்பார்கள், சுமாரான காபியும் கிடைக்கும். காதில் மாட்டும் அடைப்பானை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கண்ணாடியைத் தாண்டியும் சத்தம் தலைக்குள் இறங்கும்.